எட்டு பேர் உட்காரும் படகு

தெய்வசிகாமணி கிரானைட் வியாபாரி. அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். அவருடைய குரு உமையாள் அவரைவிடப் பத்து வயது இளையவர். உப்பங்கழிக் கரையில் ஒரு வாடகை வீட்டில் தனியாக இருந்தார். அதிகம் பேசமாட்டார். அதனாலேயே தெய்வசிகாமணி அங்கே வந்து நிறையப் பேசுவார்.

அன்றைக்கு அவர் கேட்டது தியானத்தைப் பற்றி அல்ல.

“அம்மா, ஒரு படகு வாங்கலாம்னு இருக்கேன். புதுசு வாங்குறதா, பழசு வாங்குறதா? நீங்கதான் சொல்லணும்.”

“மீன் பிடிக்கவா?”

“ஐயோ, இல்லம்மா. குடும்பத்தோட போறதுக்கு. ஜெட் படகு. எட்டு பேர் உட்காரலாம். அடியில சுத்துற விசிறி கிடையாது. தண்ணிய உறிஞ்சிப் பின்னால பீய்ச்சும். அந்த வேகத்துல போகும். பிள்ளைங்க பக்கத்துல நீந்தினாலும் கையக் காலை வெட்டாது.”

“பிள்ளைங்க சின்னவங்களா?”

தெய்வசிகாமணி சிரித்தார். “பையன் வேலைக்குப் போறான்மா. பொண்ணு தாரிணி படிப்பை முடிச்சுட்டா.”

தெய்வசிகாமணியின் சிரிப்பு மெல்ல வடிந்தது.

“நிரஞ்சன் அடுத்த மாசம் கனடா போறான். போனா திரும்ப மாட்டான், எனக்குத் தெரியும். வீட்ல நாலு பேரும் நாலு ரூம்ல சாப்பிடுறோம். அவன் எங்கிட்ட முகம் கொடுத்துப் பேசியே ரொம்ப நாளாச்சு. போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை நாலு பேரும் ஒண்ணா உட்காரணும். படகுல ஏறிட்டா யாரும் எந்திரிச்சு உள்ள போயிட முடியாதில்ல?”

“படகு வேணும்னு அவங்க கேட்டாங்களா?”

“அவங்களுக்கு என்ன வேணும்னு அவங்களுக்கே தெரியாதும்மா.”

உமையாள் எழுந்தார்.

“பழசு எங்க இருக்கு? பார்க்கலாம்.”

படகுத்துறையில் அந்தப் பழைய படகின் உரிமையாளர் குணசீலன் காத்திருந்தார். தார்ப்பாயை அவரே விலக்கினார். வெள்ளைப் படகு, பக்கவாட்டில் சிவப்புக் கோடு. இருக்கைகள் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தன. எல்லாவற்றின் மேலும் கம்பெனியில் போட்ட பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. மடிப்புகளில் மட்டும் லேசாக மஞ்சள் ஏறியிருந்தது.

“மூணு வருஷமாச்சு சார். கவரைக்கூடப் பிரிக்கல.”

தெய்வசிகாமணி குனிந்து முகர்ந்தார். “புது வாசனை இன்னும் போகலையே!”

“போகவிட்டாத்தானே?”

“எங்க வீட்டு சோபாவுக்கே நான் இன்னும் பிரிக்கல சார். ஆளாளுக்குத் திட்டுறாங்க.”

“பொருளோட அருமை அவங்களுக்கு எப்படிச் சார் தெரியும்?”

இருவருக்கும் ஒருவரையொருவர் உடனே பிடித்துப்போனது.

“அம்மா, செருப்பை மட்டும் கரையிலேயே விட்டுடுங்க,” என்றார் குணசீலன். “மண்ணு ஏறிட்டா சங்கடம்.”

உமையாள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்தார். வெயிலில் பிளாஸ்டிக் கொதித்தது. அவர் புடவைத் தலைப்பை இழுத்து அடியில் போட்டுக்கொண்டார்.

“வீட்ல எல்லாரும் இதுல வருவாங்களா?” என்று குணசீலனிடம் கேட்டார்.

“முதல் தடவை வந்தாங்கம்மா. அப்புறம் ஒருத்தருக்குப் பரீட்சை, ஒருத்தருக்குத் தலைவலி. நான் மட்டும் வருவேன். ஒரு ரவுண்டு போவேன். துடைச்சு மூடிட்டுப் போயிடுவேன்.”

“அதான் இவ்வளவு சுத்தமா இருக்கு,” என்றார் தெய்வசிகாமணி, மரியாதையோடு.

படகு கிளம்பியது. கொஞ்ச தூரம் குணசீலன் ஓட்டினார். பிறகு ஸ்டியரிங்கைத் தெய்வசிகாமணியிடம் கொடுத்தார். லிவரை முன்னால் தள்ளியதும் படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. தெய்வசிகாமணியின் முகம் சிறுபிள்ளையின் முகம்போல ஆனது. “நிரஞ்சன் இதைப் பார்க்கணும்,” என்று காற்றில் கத்தினார்.

எதிரே மீன்வலைக்காக நட்டிருந்த மூங்கில் கழிகள் வரிசையாகத் தெரிந்தன. அவர் பயந்துபோய் லிவரைச் சட்டென்று இழுத்துவிட்டு ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினார். படகு திரும்பவில்லை. நேராகவே போனது.

“லிவரை விடாதீங்க சார்! தண்ணி பீய்ச்சினாத்தான் திரும்பும்!”

“இடிக்கப் போகுதுய்யா!”

“தள்ளுங்க சார்! விட்டா அது பேச்சு கேக்காது!”

அவர் மறுபடி தள்ளுவதற்குள் படகு கழிகளை உரசிக்கொண்டு சேற்றுத் திட்டில் ஏறி நின்றது. அடியில் ஏதோ கரகரவென்று சேற்றை உறிஞ்சியது. குணசீலன் அவசரமாக எஞ்சினை அணைத்தார்.

“கையெடுத்தா திரும்பாதுன்னு முன்னாடியே சொல்லக் கூடாதா?”

“எனக்கும் யாரும் சொல்லல சார். ஒரு தடவை இடிச்சுத்தான் தெரிஞ்சது.”

படகுத்துறைக்குப் போன் செய்தார்கள். இழுத்துப் போக ஆள் வரும் என்றார்கள். மூவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நிழல் இல்லை.

தெய்வசிகாமணி மனைவியை அழைத்தார். எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

“வசு, நான் எங்க இருக்கேன், சொல்லு பார்ப்போம்.”

“தெரியலையே.”

“படகுல! நமக்குத்தான். எட்டு சீட்டு. ஞாயித்துக்கிழமை நாலு பேரும் போறோம். நிரஞ்சன்கிட்ட சொல்லு.”

“ஓடுதா?”

“இப்ப கொஞ்சம் நிக்குது. நீ அவன்கிட்ட சொல்லு.”

மறுமுனையில் மிக்ஸி நின்றது. யாரோ தாழ்ந்த குரலில் பேசினார்கள். வசுமதி திரும்பி வந்தாள்.

“எவ்வளவு நேரம் உட்காரணும்னு கேக்குறான்.”

“இது என்ன கேள்வி? நாள் பூரா!”

மறுபடியும் தாழ்ந்த குரல்.

“அன்னைக்கு அவன் பெட்டி கட்டணுமாம்.”

“தாரிணி?”

“அவனுக்குக் கூடமாட உதவி பண்றாளாம்.”

“சரி, நீ?”

“எனக்கு வெயில் ஆகாதுங்க.” கொஞ்சம் நிறுத்திவிட்டு அவள் சொன்னாள். “எட்டு சீட்டுன்னீங்களே. நல்லா காலை நீட்டி உட்காருங்க.”

மிக்ஸி மறுபடி ஓடத் தொடங்கியது. தெய்வசிகாமணி போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கழிகளின் மேல் ஒரு நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. அவர் அதையே பார்த்தார்.

“விடுங்க சார்,” என்றார் குணசீலன். “எங்க வீட்லயும் இதே பேச்சுதான்.”

“யாருக்காக சார் இதெல்லாம் பண்றோம்?”

“அதைக் கேட்டுப் பாருங்களேன். மூஞ்சியத் தூக்கிட்டு ரூமுக்குள்ள போயிடுவாங்க.”

“கதவை வேற சாத்திக்கிடுவாங்க.”

“தாழ்ப்பாள் போடுற சத்தம் தனியா கேக்கும்.”

“நன்றியே கிடையாது சார்.”

“துளிக்கூடக் கிடையாது.”

கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஒரே ஆள் தனக்குத்தானே பேசிக்கொள்வதுபோல இருந்தது. உமையாள் கண்ணை மூடித்தான் இருந்தார்.

“முதல் தடவை என்ன ஆச்சு தெரியுமா சார்?” குணசீலன் தொடர்ந்தார். “என் பையன் தண்ணிக்குள்ள குதிச்சான். ரொம்ப சந்தோஷமாத்தான் இருந்தான். ஏறி வந்து ஈரக் காலோட சீட்டு மேல நிக்கிறான். ஒரே ஒரு சத்தம் போட்டேன். அவ்வளவுதான். அப்படியே உட்கார்ந்தவன் கரை வர்ற வரைக்கும் வாயைத் திறக்கல. ஒரு சத்தத்துக்கு மூணு வருஷமா கோபம்?”

“நியாயமான சத்தம்தானே சார்.”

“அதைத்தானே நானும் சொல்றேன்.”

உமையாள் எழுந்தார். புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு படகின் விளிம்பைப் பிடித்துச் சேற்றில் இறங்கினார். முழங்கால்வரை உள்ளே போனது. அடியில் அடைத்திருப்பதைப் பார்க்கப் போகிறார் என்று இருவரும் நினைத்தார்கள். அவர் சும்மா கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஏறி வந்து, இருக்கையின் மேல் இரண்டு கால்களையும் மடக்கி வைத்து உட்கார்ந்தார்.

“அம்மா! கால்! கால்!”

கத்தியது குணசீலன் அல்ல.

நீர்க்காகம் பறந்துபோனது. தெய்வசிகாமணி குருவிடம் இதுவரை குரலை உயர்த்தியதே இல்லை. குணசீலன்கூடத் திடுக்கிட்டுப் பார்த்தார். பிளாஸ்டிக் உறையின் மேல் கறுப்புச் சேறு வழிந்து மடிப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

குணசீலன் ஒரு துண்டை வீசினார். தெய்வசிகாமணி அதைப் பிடித்துக்கொண்டு குருவின் முன்னால் மண்டியிட்டார். உமையாள் கால்களை முன்னால் நீட்டினார். தெய்வசிகாமணி அவற்றை மெல்ல ஒதுக்கிவிட்டு இருக்கையைத் துடைத்தார். மடிப்புக்குள் விரலை விட்டுத் துடைத்தார். துண்டைத் திருப்பிப் பிடித்து இன்னொரு தடவை துடைத்தார். அது பளிச்சென்று ஆனபிறகுதான் நிமிர்ந்தார்.

உமையாளின் பாதங்களில் சேறு காய ஆரம்பித்திருந்தது. அவர் கால்களைப் படகுக்கு வெளியே தொங்கவிட்டு, கையால் தண்ணீர் அள்ளித் தானே கழுவிக்கொண்டார்.

“மன்னிச்சிடுங்கம்மா,” என்றார் தெய்வசிகாமணி. “வாய் தவறி வந்துடுச்சு.”



தூரத்தில் இழுவைப் படகு வருவது தெரிந்தது. குணசீலன் எழுந்து நின்று கையை ஆட்டினார். தெய்வசிகாமணி துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

“இந்த ஞாயிறு இல்லைன்னா அடுத்த ஞாயிறு வருவான்மா. கூப்பிட்ட உடனே யாரு சரிங்கிறா? ஒருவேளை புத்தம் புதுசா இருந்தா ஆசைப்பட்டு வருவானோ என்னவோ. சொல்லுங்கம்மா, புதுசா, பழசா?”

“இதையே வாங்குங்க.”

“பாத்தீங்களா சார், அம்மாவே சொல்லிட்டாங்க!” என்றார் குணசீலன்.

தெய்வசிகாமணிக்கு முகம் கொஞ்சம் தெளிந்தது. “ஏம்மா இது?”

“புதுசை முதல்லேருந்து பழக்கணும்,” என்றார் உமையாள். “இது ஒரே ஆளை ஏத்திக்கிட்டுப் போய்ப் பழகிடுச்சு.”