கார்புரேட்டருக்குள் மிதவை வந்த கதை

அந்தக் காலத்தில் கார்கள் வாய்விட்டுப் பேசும். வலித்தால் சொல்லும், பசித்தால் கேட்கும். ஆனாலும் மலையேற ஒரு காருக்கும் துணிவு கிடையாது. காரணம் கார்புரேட்டர். பெட்ரோலைக் காற்றோடு தூவானமாகக் கலந்து என்ஜினுக்குக் கொடுப்பது அதன் வேலை. டேங்கிலிருந்து பம்ப் தள்ளிவிடும் பெட்ரோல் முதலில் அதன் கிண்ணத்தில் வந்து விழும். எவ்வளவு வந்தால் போதும் என்று அந்தக் கிண்ணத்துக்குத் தெரியாது.

போடிப் பக்கத்தில் பெத்தணன் என்ற டிரைவர் இருந்தான். ஒரு மத்தியானம் மருத்துவச்சி ஒச்சம்மாளை ஏற்றிக்கொண்டு மலைக்குக் கிளம்பினான். மேலே ஏலத்தோட்டத்தில் ஒரு பெண் காலையிலிருந்து பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தாள்.

பாதி மலையில் கார் இருமியது. "பெத்தணா, மூச்சு முட்டுது. ஒரே பெட்ரோலா ஊத்துது" என்று சொல்லி நின்றுவிட்டது.

பெத்தணன் இறங்கி பானெட்டைத் தூக்கினான். கிண்ணம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

"ஏன் இப்படித் தள்ளுற?" என்று பம்பிடம் கேட்டான்.

"தள்ளத்தான் எனக்குத் தெரியும். எப்ப நிறுத்தணும்னு யாரு சொன்னா?" என்றது பம்ப்.

"சரி, மெதுவாத் தள்ளு."

பம்ப் மெதுவாகத் தள்ளியது. கார் கொஞ்ச தூரம் ஏறியதும், "பசிக்குதே, ஒரு சொட்டுகூட வரலையே" என்று மறுபடி நின்றது.

பெத்தணன் பம்பைப் பழையபடி தள்ளச் சொல்லிவிட்டு, கிண்ணத்தின் மூடியைக் கழற்றினான். பெட்ரோல் நிறைந்தபோது மேலே அது வரும் துளையை விரலால் அடைத்தான். குறைந்தபோது விரலை எடுத்தான். என்ஜின் ஒரே சீராக ஓடியது.

"அக்கா, வழி இதுதான். ஆனா நான் இங்க விரலை வச்சுக்கிட்டு நின்னா வண்டியை யாரு ஓட்டுறது?" என்றான்.

ஒச்சம்மாள் நடந்தாவது போய்விடலாம் என்று சேலையை வரிந்து கட்டினாள். அப்போது மடியிலிருந்த பித்தளைச் சுண்ணாம்பு டப்பி நழுவி, பாதையோரம் ஓடிய ஓடைத் தண்ணீரில் விழுந்தது. முழுகவில்லை. தக்கை மாதிரி மிதந்தது.

அவள் அதைப் பிடித்து எடுத்தாள். ஒரு நிமிடம் கையிலேயே வைத்துப் பார்த்தாள்.

"தம்பி, இதை உள்ள போட்டா பெட்ரோலோட சேர்ந்து ஏறும், இறங்கும். உன் விரல் செய்யுற வேலையை இது செய்யாதா?"

"செய்யும்க்கா! ஆனா உங்க வெத்தலைக்கு?"

"அங்க ஒரு உசுரு காத்துக்கிட்டு இருக்கு. வெத்தலை கெடக்கட்டும்."

இருந்த சுண்ணாம்பை வழித்து எறிந்துவிட்டு டப்பியைக் கொடுத்தாள். பெத்தணன் அதைத் துடைத்து, பெட்ரோல் உள்ளே புகாதபடி டப்பி மூடியின் விளிம்பைச் சுற்றித் தட்டி இறுக்கினான். மேலே ஒரு ஊசியை நிறுத்திப் பொருத்தி, கிண்ணத்துக்குள் இறக்கினான். பெட்ரோல் ஏறியது. டப்பியும் ஏறியது. ஊசி நேராகப் போய்த் துளையை அடைத்தது. என்ஜின் குடிக்கக் குடிக்க டப்பி இறங்கியது, துளை திறந்தது.

"ஆகா! மூச்சும் முட்டல, பசியும் இல்ல. ஏறுங்க, ஏறுங்க!" என்றது கார்.

வளைவுக்கு வளைவு அது பாடிக்கொண்டே ஏறியது. வெயில் இறங்கும்போது தோட்டத்து வீட்டு வாசலில் நின்றது. ஒச்சம்மாள் உள்ளே ஓடினாள். பெத்தணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரத்தில் ஒரு சின்ன அழுகைச் சத்தம் கேட்டது. அப்புறம் ஒச்சம்மாளின் சிரிப்பு.

"பொம்பளப் புள்ளை! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க!"

பெத்தணன் கதவைத் திறந்து இறங்கி, புல்லிலேயே மல்லாந்து படுத்துவிட்டான். கார் சூடு தணிய, நிம்மதியாகப் பெருமூச்சு விட்டது.

அன்றிலிருந்துதான் கார்புரேட்டரின் கிண்ணத்துக்குள் வெற்று வயிற்றோடு ஒரு மிதவை குடியிருக்கிறது. பெட்ரோல் குறைந்தால் இறங்கித் திறந்துவிடுகிறது, நிறைந்தால் ஏறி அடைத்துவிடுகிறது.