கடல் கதவைத் திறந்த கதை

ஒரு ஊர்ல ஒரு லாரிக்காரரு. பேரு செங்கோடன், ஊரு நாமக்கல் பக்கம். அவரு சம்சாரம் பாவாயி. முப்பது வருஷமா அவரு டெல்லிக்கும் கல்கத்தாவுக்கும் லோடு அடிச்சாரு. ஆனா பாவாயிய ஒரு நாளாவது முன்சீட்டுல உக்கார வச்சு எங்கயாச்சும் கூட்டிட்டுப் போனாரா? இல்ல. கேட்டா, "அடுத்த லோடு முடியட்டும்"பாரு. அவளும் பாவம், நம்பிருவா. ம் சொல்லு கண்ணு.

அப்புறம், அவங்க மக சுகந்தி அயர்லாந்துல நர்சு. அவளப் பாக்க ரெண்டு பேரும் போயிருந்தாங்க. மறுநாள் ஊருக்குத் திரும்பணும். அப்போ பாவாயி சொன்னா, "ஏனுங்க, இங்க கடலுக்குள்ள ஒரு தீவு இருக்குதாம். தண்ணி வத்துனா மணல் மேலயே கார் போகுமாம். அத மட்டும் காட்டிருங்க."

சுகந்தி கார் சாவியக் குடுத்து, "பன்னெண்டு மணிக்குள்ள போயிருங்கப்பா, அப்புறம் தண்ணி ஏறிரும்"னா.

டுர்ர்ர்ருனு கெளம்பிட்டாங்க. ரெண்டு பக்கமும் கல்லடுக்குன வேலி, பச்சப்பசேல்னு புல்லு. ரோடு மட்டும் நம்ம வரப்ப விடக் கொஞ்சம் அகலம். எதுத்தாப்புல ஒரு கார் வந்துச்சு. ஓட்டுறவரு ஸ்டீயரிங்குல இருந்து ஒத்த விரலத் தூக்கிக் காட்டிட்டு சர்ருனு போயிட்டாரு.

நம்ம ரோட்டுல எதுக்க வர்ற டிரைவரு சும்மா கை காட்டுவானா? ஏதோ கோளாறுன்னு நெனச்சு செங்கோடன் போட்டாரு பிரேக்க, கிரீச்சுனு. எறங்கி நாலு டயரையும் தட்டுனாரு, டொக் டொக் டொக். நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்குள்ள பாவாயி, கல்லு மேல கல்லு வச்ச ஒரு பழைய சமாதியப் பாத்துட்டு வந்து, "நம்ம மலையில இருக்குற குள்ளர் வீடு, அந்தக் கல்திட்ட மாதிரியே இருக்குதுங்க"ன்னா.

அப்புறம் டடக் டடக்குனு ஒரு டிராக்டரு. ஓட்டுனது ஒரு வெள்ளக்காரம்மா. அதுவும் ஒத்த விரலத் தூக்குச்சு. "முன்னாடி செக்கிங் நிக்குது பாவாயி." லைசென்ஸ எடுத்துக் கையில வச்சுக்கிட்டு அரமணி நேரம் ஓரங்கட்டி நின்னாரு. வந்தது செம்மறியாட்டுக் கூட்டம், மே மேன்னு. அதுங்க எங்க லைசென்ஸ் கேக்குது? பாவாயி கூரையில்லாத ஒரு கோட்டைக்குள்ள போயி காக்கா எண்ணிக்கிட்டு இருந்தா. தூங்கிட்டியா? ம்.

மூணாவதா தபால் வேன். அதுலயும் ஒத்த விரலு. "பாலம் உடஞ்சிருச்சு போல." வண்டியத் திருப்பி, மலையச் சுத்திப் போனாரு. பாவாயி போற வழியில வானத்தத் தொடுற கல்லு கோபுரம் ஒண்ணப் பாத்தா. ஆனா கடியாரத்துல மணியையும் பாத்தா, எறங்கவே இல்ல.

கரைக்கு வந்தா மணி பன்னெண்டரை. தீவு அந்தப் பக்கம், ஜளக் ஜளக்குனு தண்ணி இந்தப் பக்கம்.

"பரவால்ல விடுங்க, போட்டோவுல பாத்துக்கறேன்"னு சொன்னா பாவாயி. முப்பது வருஷமா சொன்ன அதே 'பரவால்ல'.

அப்போ அதே டிராக்டர் அம்மா வந்து நின்னாங்க. பேரு நோரா, அந்தக் கரையில தான் வீடு. செங்கோடன் தனக்குத் தெரிஞ்ச இங்கிலீசுல கோவமா கேட்டாரு, "எதுக்கும்மா விரலக் காட்டுனீங்க? என் வண்டியில என்ன கோளாறு?"

நோரா சிரிச்சாங்க. "கோளாறா? அது வணக்கம்யா. இங்க எதுக்க யாரு வந்தாலும் சொல்லுவோம்."

செங்கோடன் தலையில கைய வச்சுக்கிட்டாரு. "வணக்கத்துக்குப் பயந்து என் பொண்டாட்டி ஆசையக் கெடுத்துட்டேனே."

"யாரு கெடுத்தா? கடல் ஒரு நாளைக்கு ரெண்டு தடவ தொறக்கும். எட்டரைக்கு மறுபடி தொறக்கும்."

"எட்டரைக்கா? இருட்டுல எதைப் பாப்பா?"

"இந்த மாசத்துல சூரியன் எறங்கவே பத்து மணி ஆகும். வாங்க, டீ குடிங்க."

அப்புறம் என்ன, எட்டரைக்கு வெயில் மஞ்சளாப் பளபளன்னு அடிக்குது, தண்ணி வத்திருச்சு. முன்சீட்டுல பாவாயி. நறநறன்னு மணல் மேல வண்டி போச்சு. பாதி வழியில செங்கோடன் வண்டிய நிறுத்தி, எறங்கி, அவ பக்கத்துக் கதவத் தொறந்து விட்டாரு. மத்தியானம் மீன் நீந்துன எடத்துல பாவாயி செருப்பக் கழட்டிட்டு நின்னா.

"ஏனுங்க, நம்ம நாமக்கல்லுல எந்த லாரிக்காரன் பொண்டாட்டி கடலுக்கு நடுவுல நின்னிருக்கா?"

"ஒருத்தியும் இல்ல."

"அப்ப மெதுவாவே போலாமுங்க."

மெதுவாவே போயி, தீவப் பாத்துட்டுக் கரைக்குத் திரும்பிட்டாங்க. கடலும் சாத்திருச்சு, கதையும் சாத்தியாச்சு. நீயும் கண்ணச் சாத்து, சாமி.