சுரண்டிப்போட்ட பேரு

எங்க கடக்கரையில பேரில்லாத வள்ளத்தைத் தண்ணியில தள்ள மாட்டாங்க. முன் மூக்கு அணியத்துல பேரை எழுதி, வேதக்கோயில் உபதேசியார் அது மேல கையை வச்சு ஜெபம் பண்ணணும். அதுக்கப்புறந்தான் வள்ளம் கடலைப் பாக்கும். தெற்கூர்ல ஒருத்தன் அவசரத்துல வெறும் வள்ளத்தைத் தள்ளிட்டான். பாதிக் கடல்ல ஞாபகம் வந்து, கரிக்கட்டையால பொண்டாட்டி பேரை எழுதியிருக்கான். கரைக்கு வந்தா அவ புடிச்சுக்கிட்டா. "ஏம்வே, உம்ம கண்ணுக்கு நான் வள்ளம் மாதிரியா தெரியுதேன்?" ரெண்டு நாளு சோறு கெடையாது. அது கெடக்கட்டும், சொல்ல வந்தது அருமைநாயகம் உபதேசியார் பட்ட பாட்டை.

உபதேசியாருக்கு அறுபது தாண்டிட்டு. வாலிபத்துல கடலுக்குப் போனவரு, பொறவு கோயில் வேலைக்கு வந்துட்டாரு. சனிக்கிழமை சாயங்காலமானா கோயில் பாதிரியார் கிருபாகரன் ஐயர்கிட்ட உக்காந்து வேதம் படிப்பாரு. ஐயருக்கு அவரு மகன் வயசுதான் இருக்கும். கடலே இல்லாத ஊர்க்காரரு, முழங்கால் தண்ணின்னாலே மூச்சு முட்டும். சாளை மீன்ல முள்ளெடுக்கத் தெரியாம, அவரு சம்சாரம் ஐயரம்மா பிச்சுப் போட்டாத்தான் திம்பாரு. ஆனா வேதத்துல உபதேசியாருக்கு அவருதான் குரு.

உபதேசியாரோட மூத்தவன் ஏனோஸ் முந்தின வருசப் புயல்ல போயிட்டான். வள்ளம் ஒதுங்குச்சு, ஆளு ஒதுங்கல. இப்ப சின்னவன் யாபேஸ் புது வள்ளம் கட்டியிருந்தான். அண்ணன் வள்ளத்துப் பேருதான் இதுக்கும். 'முந்தினவரும் பிந்தினவரும்'. உபதேசியார் ஆசையா வச்ச பேரு. வேதத்தோட கடைசிப் புஸ்தகம் வெளிப்படுத்தல்ல இயேசுசாமி தன்னைப் பத்திச் சொல்ற பேரு.

வள்ளம் இறக்குறதுக்கு முந்தின நாளு, வீட்டுக்கு ரெண்டு பேரு வந்தாங்க, பையும் குடையுமா. வீடு வீடா வேதம் பேசுறவங்க. நல்ல மனுசங்கதான். டீ குடிச்சுக்கிட்டே ஒருத்தரு கேட்டாரு.

"வள்ளத்துல இருக்கிற பேரு யாரோடது அண்ணாச்சி?"

"இயேசுசாமியோடது."

அவரு பழைய ஏற்பாட்டுல ஏசாயாவைப் புரட்டி விரலை வச்சுக் காட்டினாரு.

"பாருங்க. என்னை விட்டா வேற தேவன் இல்லன்னவரு தனக்குன்னு வச்சுக்கிட்ட பேரு இது. அதை எடுத்து மகன் இயேசுவுக்குச் சூட்டினா பிதா பாத்துக்கிட்டு இருப்பாரா?"

அவங்க போயிட்டாங்க. உபதேசியாருக்கு ஒரே நெனப்புதான். பேரைத் தப்பா வச்சதுக்குத்தான் ஏனோஸ் போனானா? அப்போ பிள்ளையைக் கடல் கொல்லல, நான்லா கொன்னுருக்கேன்? நாளைக்கு அதே பேர்ல யாபேஸ்.

விடிஞ்சதும் விடியாததுமா ஓடிப்போயி, மட்டிச் சிப்பியால அந்தப் பேரைச் சுரண்டினாரு. பாதி சுரண்டினப்போ அடுத்த பயம் வந்துட்டு. குமாரனோட பேரா இருந்தா? அழிச்சவன் அவரை மறுதலிச்சவன்லா? எழுதினாலும் பாவம், அழிச்சாலும் பாவம். வாயைத் திறந்து ஜெபிக்கவும் முடியல. யாரைன்னு கூப்பிட?

வலையோட ஆளுங்க வந்தாச்சு.

"அப்பா! என்னத்தப் பண்ணி வச்சிருக்கீங்க?"ன்னு கத்தினான் யாபேஸ்.

கூட்டாளி பொன்ராஜ் சிரிச்சான். "ஏல, உங்கப்பா பேரையே எழுதித் தள்ளுவோம். கெழவரு லேசுல போற ஆளா? நமக்கும் ஆயுசு கெட்டியா இருக்கும்."

"சும்மா கெடல. அப்பா, அங்க சாளை பாஞ்சுக்கிட்டுக் கெடக்கு. பெயின்டும் பிரஷ்ஷும் கையில இருக்கு, என்ன பேரு எழுத, சொல்லுங்க."

"போவாத மக்கா."

"பேரைச் சொல்லுங்கப்பா."

உபதேசியார் கடலைப் பாத்தாரு. வாடைக்காத்து சுழிச்சு அடிக்கு, கடல் கறுத்துப்போயி கெடக்கு. ஏனோஸ் போன அன்னைக்கும் இப்படித்தான் இருந்துச்சு. அணியத்தைப் புடிச்சுக்கிட்டு நின்னவரு அப்படியே அலை நனைக்கிற மணல்ல குப்புற விழுந்துட்டாரு.

யாபேஸ் தூக்கப் போனான். "தொடாத! என்னைத் தொட்டா உனக்கும் சாபம் வரும்!"

பொன்ராஜ் சிரிப்பை விட்டுட்டு ஐயரைக் கூட்டியார ஓடினான்.

ஐயர் வந்தாரு. முதல் அலை காலைத் தொட்டதும் ஒரு துள்ளு துள்ளிப் பின்னால போனாரு. பொறவு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, கண்ணை இறுக்கி மூடித் திறந்து, தண்ணிக்குள்ளயே வந்து முட்டுப்போட்டாரு. அலை தெறிச்சு இடுப்பு வரைக்கும் நனைக்கு.

உபதேசியார் முகத்தைத் தூக்கல. ஆளு யாருன்னு மட்டும் தெரிஞ்சுது.

"ஐயா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நேத்து வேதம் பேச வந்தவங்க ஏசாயாவுல விரல் வச்சுக் காட்டினாங்க. அந்தப் பேரு பிதாவோடதா, குமாரனோடதா?"

ஐயர் அவரு முதுகுல கையை வச்சாரு. உபதேசியாருக்கு உடம்பு தூக்கிப் போட்டுச்சு.

"ஏன் பதறுதீங்க?"

"அடி விழுதுன்னு நெனச்சேன்."

"யாரு அடிக்கா?"

"யாரா இருந்தா என்னய்யா. ரெண்டு பக்கமும் எனக்கு அடிதான்."

"வெளிப்படுத்தல்ல, பத்மு தீவுல இயேசுசாமியைப் பாத்ததும் யோவான் எப்படிக் கெடந்தாரு?"

"செத்தவன் மாதிரி. அவரு காலடியில."

"அவரு மேல என்ன விழுந்துச்சு?"

உபதேசியார் மணல்ல இருந்து முகத்தை லேசா தூக்கினாரு.

"கை. வலது கை."

"கை வச்சவரு உடனே பேரைச் சொன்னாரா?"

"இல்லய்யா. மொதல்ல பயப்படாதேன்னாரு. பேரு அதுக்கப்புறந்தான்."

"ஏசாயாவுல? நேத்து அவங்க விரல் வச்ச எடத்துக்குக் கீழ?"

எல்லாம் மனப்பாடமா இருக்கிறவரு. உதடு மட்டும் அசைஞ்சுது. அசைஞ்சு, நின்னு போச்சு.

"அங்கயும் இருக்குய்யா. கலங்காதீங்க, பயப்படாதீங்கன்னு. அவங்க அது வரைக்கும் வாசிக்கல."

"நீங்க?"

"நானும் வாசிக்கல."

அடுத்த அலை வந்துச்சு. ஐயர் கையை எடுக்கல.

"அப்போ என் ஏனோஸ் ஏன்யா போனான்?"

"எனக்குத் தெரியாது, உபதேசியாரே. ரெண்டு எடத்துலயும் பயப்படாதேங்கிறது எனக்கு ஒரே குரலாத்தான் கேக்குது. பேரு மாறிப்போச்சுன்னு அந்தக் குரலா ஒரு பிள்ளையைத் தண்ணிக்குள்ள முக்கும்?"

உபதேசியார் மெதுவா எந்திரிச்சு உக்காந்தாரு. கையை யாபேஸ் பக்கம் நீட்டினாரு, அழிச்ச பேரையே மறுபடி எழுத, பிரஷ்ஷுக்கு.