கீரியண்ணன் காத்த கூடு

ஈச்சம்புதருக்கு அடியில் மஞ்சாடி என்ற காட்டுக்கோழி ஆறு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது. அதுதான் அது முதன்முதலாக இட்ட ஈடு.

ஒருநாள் பாம்பு ஒன்று புதருக்குள் தலையை நீட்டியது. மஞ்சாடி கத்திய கத்தலில் வீரணன் என்ற கீரி பாய்ந்து வந்தது. பாம்பைப் பிடித்து இழுத்து, புரட்டிப் புரட்டி விரட்டியடித்தது. கீரியின் முதுகில் ஒரு காயமும் பட்டது.

"பயப்படாதே தங்கச்சி. இனி உனக்கு ஓர் அண்ணன் இருக்கிறேன். மத்தியானம் நீ நிம்மதியாகப் போய் இரை தின்றுவிட்டு வா. கூட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றது வீரணன்.

கூடப்பிறந்தவர்கள் யாருமில்லாத மஞ்சாடிக்கு அந்த 'அண்ணன்' என்ற சொல்லே வயிற்றை நிறைத்தது. தினமும் இரை தேடப் போனால், திரும்பும்போது அண்ணனுக்கென்று அலகு நிறையக் கரையான் கொண்டுவரும்.

நாலாம் நாள் வந்து பார்த்தபோது ஐந்து முட்டைகளே இருந்தன. வீரணன் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தது.

"மறுபடியும் பாம்பு வந்தது தங்கச்சி. எவ்வளவோ போராடினேன். ஒன்றைக் கொண்டுபோய்விட்டது."

அதன் மீசையில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. ஆவாரம்பூத் தூளாக இருக்கும் என்று மஞ்சாடி நினைத்துக்கொண்டது.

"விடுங்கள் அண்ணா. நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கீரிக்குத்தான் அது ஆறுதல் சொன்னது.

இரண்டு நாள் கழித்து நான்கு முட்டைகள் ஆயின. பக்கத்துப் புதரிலிருந்து தவிட்டாள் என்ற கௌதாரி தயங்கித் தயங்கி வந்தது.

"சொல்லாமல் இருக்க முடியவில்லை மஞ்சாடி. வீரணன்தான் உன் முட்டையை உருட்டிக்கொண்டு போனான். என் கண்ணால் பார்த்தேன்."

மஞ்சாடிக்குச் சிறகெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. "உயிரைக் கொடுத்து என்னைக் காப்பாற்றியவரைப் பற்றி இப்படிப் பேச உனக்கு எப்படி மனசு வந்தது? இனி இந்தப் பக்கம் வராதே!"

தவிட்டாள் தன் புதருக்கே திரும்பிப் போய்விட்டது.

மறுநாள் கீரியின் வளைக்கு முன்னால் முட்டை ஓடுகள் கிடந்தன. மஞ்சாடி வெகுநேரம் நின்று பார்த்தது. 'பாம்பு தின்று போட்ட ஓடுகளை நான் பார்த்தால் அழுவேன் என்று இங்கே எடுத்துவந்து ஒளித்திருக்கிறார் பாவம்' என்று நினைத்துக்கொண்டது. அன்றைக்கு வழக்கத்தைவிட அதிகமாகவே கரையான் கொண்டுபோய்க் கொடுத்தது.

நான்கு மூன்றானது. மூன்று இரண்டானது.

பிறகு ஒருநாள் காலையில் முட்டைக்குள்ளிருந்து 'கீச்' என்று ஒரு சத்தம் கேட்டது. மஞ்சாடி மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது. மத்தியானம் வழக்கம்போல வீரணன் வந்தது.

"கிளம்பவில்லையா தங்கச்சி?"

"பசியில்லை அண்ணா."

"ஏன், என்மேல் நம்பிக்கை இல்லையா?"

அந்தக் கேள்வியில் மஞ்சாடி கூசிப்போய்ப் பாதி எழுந்துவிட்டது. அடியிலிருந்து மறுபடியும் கீச்சென்றது. மெல்லத் திரும்ப உட்கார்ந்துகொண்டது.

"இல்லை அண்ணா. நம்பிக்கை இல்லை."

வீரணன் முதுகைத் திருப்பித் தழும்பைக் காட்டியது. "இது யாருக்காகப் பட்டது என்று மறந்துவிட்டாயா?"

"மறக்கவில்லை. அது நிஜம்தான். ஆனால் எழுந்திருக்க மாட்டேன்."

கீரி பல்லைக் காட்டிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தது. மஞ்சாடி வீரிட்டது. வராதே என்று விரட்டப்பட்ட தவிட்டாள்தான் முதலில் ஓடிவந்து பக்கத்தில் நின்றது. இரண்டும் சிறகை விரித்து அலகை நீட்டின. வீரணன் முறைத்துப் பார்த்துவிட்டு நடையைக் கட்டியது.

அது போன பிறகுதான் மஞ்சாடி அழுதது.

"முதல் முட்டை போன அன்றே எனக்குத் தெரியும் தவிட்டாள். மீசையில் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். முட்டை போனால் முட்டையோடு போயிற்று. அவர் ஏமாற்றினார் என்றால் அண்ணனும் போய்விடுவாரே. நானே தினமும் எழுந்து வழிவிட்டேன் என்றும் ஆகிவிடுமே."

அப்போதே சொன்னேனே என்று தவிட்டாள் சொல்லவில்லை. நெருங்கி உட்கார்ந்து, மஞ்சாடியின் கலைந்த இறகுகளை அலகால் கோதிவிட்டது.

"உனக்குப் பசிக்கும். கூட்டை என்னிடம் விட்டுவிட்டுப் போ என்று கேட்க மாட்டேன். நீ அப்படியே இரு. இரையை நான் கொண்டுவருகிறேன்" என்றது.

மறுநாள் விடிந்ததும் இரண்டு முட்டைகளும் பொரிந்தன. ஈரம் காயாத குஞ்சுகளை மஞ்சாடி தவிட்டாளைக் கூப்பிட்டுக் காட்டியது.

நம்பியவர் ஏமாற்றினார் என்று ஒப்புக்கொள்வது அன்பையும் சேர்த்துப் பறிகொடுப்பதுபோல வலிக்கும். ஆனால் அந்த வலிக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டால், மிச்சம் இருப்பதும் கைவிட்டுப் போகும்.