தேயாமல் நின்ற ஒலி

"எனக்கு மௌனம் கொடுங்கம்மா. சாகுற வரைக்கும்," என்றார் அரங்கநாயகம்.

வடிவம்மாள் முறத்தில் துவரம்பருப்பைப் புடைத்துக்கொண்டிருந்தார். அந்த மலை மடத்துக்கு அவர்தான் குரு. ஓய்வு பெற்ற பேராசிரியரான அரங்கநாயகத்தைவிட வயதில் இளையவர்.

"நான் கொடுத்தா வர்றது? வாயை மூடினா வந்துடுமே. என்ன ஆச்சு வாத்தியாரே?"

"களைச்சுப் போயிட்டேன்."

லத்தீன் என்று ஒரு பழைய மொழி. பிரெஞ்சு, இத்தாலி, ஸ்பானிஷ், போர்த்துகீசு, ருமேனியன் எல்லாம் அதன் பிள்ளைகள். அந்தக் குடும்பத்தை ஆராய்வதிலேயே அரங்கநாயகத்தின் ஆயுள் போயிற்று. புதுச்சேரியில் படித்தார். பாரிஸில் முனைவர் பட்டம் வாங்கினார். திரும்பி வந்து கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார். அந்த மொழிகளில் ஒலிகள் எப்படித் தேய்கின்றன என்று ஒரு தடித்த புத்தகம் எழுதினார்.

"அதை யார் படிச்சாங்க?"

"பிழை திருத்தினவர் படிச்சார். அவருக்குச் சம்பளம் உண்டு."

"பிள்ளைங்க?"

"விசா கிடைக்கிற வரைக்கும் வகுப்புக்கு வருவாங்க."

வடிவம்மாள் சிரித்தார். அரங்கநாயகம் சிரிக்கவில்லை.

"இத்தனை மொழி தெரியும்மா. ஒண்ணுலயும் ஒருத்தர்கூட என்கிட்ட மனசுவிட்டுப் பேசினதில்லை. பரீட்சை, கருத்தரங்கு, முன்னுரை. போதும். இனிமே ஒரு சொல்லும் வேண்டாம்."

"சரி. நாளைக்குக் காலையில ஆரம்பிங்க."

அவர் கும்பிட்டு எழுந்தார்.

அப்போது வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. சுற்றுலா வழிகாட்டி ஒரு வெளிநாட்டுப் பெண்மணியைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தான்.

"போர்ச்சுகல்காரங்கம்மா. இங்கிலீஷ் தெரியாது. வேன்ல வேற யாருக்கும் இவங்க பாஷை தெரியாது. வழியெல்லாம் அழுதுட்டே வர்றாங்க. ஏன்னு எங்களுக்கும் புரியல. கொஞ்ச நேரம் இங்க உக்காரட்டும்."

அவன் மற்றவர்களுக்கு அருவியைக் காட்டப் போய்விட்டான்.

"இன்னைக்குப் பொழுது இன்னும் முடியலையே வாத்தியாரே," என்றார் வடிவம்மாள். "என்னன்னு கேளுங்க."

அரங்கநாயகம் கேட்டார்.

தன் மொழி காதில் விழுந்ததும் அந்தப் பெண்மணி நிமிர்ந்தார். பேச ஆரம்பித்தார். நிறுத்தவில்லை.

கேட்கக் கேட்க அரங்கநாயகத்தின் கூன் நிமிர்ந்தது. கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது.

பேசி முடித்த பெண்மணி முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரையே பார்த்தார்.

அரங்கநாயகம் குருவின் பக்கம் திரும்பினார்.

"அம்மா, இவங்க வடக்கு மலைக்காரங்க. 'ச்ச'ன்னு அழுத்திச் சொல்றாங்க பாருங்க, அது மத்த ஊர்ல எல்லாம் தேய்ஞ்சு போன ஒலி. நான் புத்தகத்துல எழுதியிருக்கேன். காதால கேட்கிறது இதுதான் முதல் தடவை."

"அப்படியா. என்ன சொன்னாங்க?"

"ஓ. அதுவா." அவர் குரல் இறங்கியது. "பையன் இறந்துட்டானாம். திராட்சைத் தோட்டத்துச் சரிவுல டிராக்டர் குடைசாய்ஞ்சு. போன வருஷம். வீட்டுக்காரர் அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போயிடுறாராம். வீட்டுல இப்ப யாரும் அவன் பேரைச் சொல்றதே இல்லையாம்."

"அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்ன சொல்றது? உங்ககிட்டதானே வந்திருக்காங்க. நீங்க சொல்லுங்க, நான் போர்த்துகீசுல சொல்றேன்."

"பேசும்போது அவங்க யாரைப் பார்த்தாங்க?"

அரங்கநாயகம் பெண்மணியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"பையன் பேரு என்ன?"

"தியோகு. நிறைய தடவை சொன்னாங்க. கடைசியில வர்ற உயிரெழுத்தை அப்படியே விழுங்கிடுறாங்க. அது அந்த வட்டாரத்துல..."

நிறுத்தினார்.

வடிவம்மாள் முறத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனார்.

பெண்மணி அரங்கநாயகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அரங்கநாயகம் தரையைப் பார்த்தார். கைகளைப் பார்த்தார். எழுந்த இடத்திலேயே மறுபடி உட்கார்ந்தார்.

பிறகு போர்த்துகீசில் கேட்டார்:

"தியோகுவுக்கு உங்க சமையல்ல எது ரொம்பப் பிடிக்கும்?"