இன்பன் முகத்துக்கு ஒரு நிறம்

ஒரு வண்ணப்பெட்டி இருந்தது. அதில் கறுப்புக்கு எப்போதும் மூலைதான். கூப்பிட்டால் லேசில் வராது. அது பட்ட பாடு அப்படி! அசுரனை வரையணுமா, கூப்பிடு கறுப்பை. பிள்ளை பிடிக்கிறவனா, கூப்பிடு கறுப்பை. மகாலட்சுமி முகத்துக்கு மட்டும் அது ஆகவே ஆகாது.

அன்றைக்குப் பெட்டியைத் திறந்தவள் ஓவியர் ஞானசுந்தரி. அவள் தம்பி இன்பன் பால் வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தான். ஆளைப் பார்த்தாலே திருடன் மாதிரி இருக்கிறான் என்று போலீஸ்காரர்கள் ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். ஸ்டேஷனிலிருந்து பிணமாகத்தான் வந்தான். அவன் ஒரு தப்பும் செய்யாதவன் என்று ஊர் அறிய வேண்டும். அதற்காகத்தான் இந்தப் படம்.

கறுப்புக் குழாயை அழுத்தினாள். கறுப்பு உள்ளேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

“நான் வரமாட்டேன்க்கா. நான் வந்தா அவனையும் திருடன்னு சொல்லிருவாங்க.”

“அப்ப நான் போறேன்!” வெள்ளை முந்திக்கொண்டது. “கொஞ்சம் வெளுப்பாக் காட்டினாத்தான் பார்க்கிறவங்களுக்கு இரக்கம் வரும். ஊர் நடப்பு தெரியாத ஆளா இருக்கியே!”

“அக்கா, வெள்ளை சொல்றதும் சரிதானோ?” என்று இழுத்தது தூரிகை.

“வாயை மூடுங்க!” ஞானசுந்தரிக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. “வெளுத்துட்டா அவன் என் தம்பியா? கறுப்பு, நீ இல்லாம அவன் முகம் எனக்கு ஏதுடா? ஒரே ஒரு தடவை நல்ல பிள்ளையா நின்னு காட்டு.”

நல்ல பிள்ளை! அந்த வார்த்தையைக் கறுப்பு தன் ஆயுளில் கேட்டதில்லை. மனசு இளகி வெளியே வந்துவிட்டது. நெற்றியானது, கன்னமானது, சிரிப்பை அடக்குகிற உதடானது. நீலம் சட்டையாக வந்தது. வெள்ளை முணுமுணுத்துக்கொண்டே அவன் கையில் பால் பாக்கெட்டானது.

படத்தை மாட்டிக் கண்காட்சியைத் திறந்தார்கள். கறுப்பு படத்திலிருந்தே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்பனை என்ன சொல்லப் போகிறார்களோ!

முதலில் வந்தவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

“தத்ரூபமா இருக்கும்மா,” என்றார். பிறகு பால் பாக்கெட்டை நோக்கி விரலை நீட்டினார். “ஆமா, இதை எங்கே திருடினான்?”

கறுப்பு அந்த விரலையே பார்த்தது.

அதுவும் கறுப்புதான்.