சவரிமுத்து கொடுத்த ஒரு குழாய் ரத்தம்

திருச்சியில் ஒரு குரோமோசோம் ஆய்வகம். அங்கே குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு அறுபத்தொன்று.

சீடர் டாக்டர் சவரிமுத்து. அரசு மருத்துவமனையில் முப்பது வருடம் திசுக்களைப் பார்த்து நோய் சொன்னவர். ஓய்வுபெற்ற பின் வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் குரோமோசோம் படிக்க வந்துவிட்டார். குரு டாக்டர் மெஹருன்னிசா. ஒருவரையொருவர் ‘சார்’, ‘மேடம்’ என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள். யாரைக் கண்டு யார் எழுந்து நிற்பது என்பதில் மட்டும் முதல் வாரம் கொஞ்சம் குழப்பம் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை சவரிமுத்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்.

“மேடம், கனிஷ்காவோட ஸ்லைடு மூணாவது தடவையும் சொதப்பிடுச்சு.”

கனிஷ்கா மணப்பாறைச் சிறுமி. ஒன்பது வயது. கழுத்தில் வீங்கியிருந்த நெறிக்கட்டியை முழுவதுமாக எடுத்திருந்தார்கள். நுண்ணோக்கியில் அது நிணநீர்ப் புற்றுநோயில் ஒரு வகையாகத் தெரிந்தது. அந்த வகையில் பதினான்காம் குரோமோசோமும் பதினெட்டாம் குரோமோசோமும் உடைந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொண்டிருக்கும் என்பது பாடம். இரண்டுக்கும் வெவ்வேறு ஒளிரும் சாயம் ஏற்றிப் பார்த்தால், அப்படி ஒட்டிய இடத்தில் சிவப்புப் புள்ளியும் பச்சைப் புள்ளியும் சேர்ந்து மஞ்சளாகத் தெரியும்.

“எத்தனை செல் பார்த்தீங்க?”

“தடவைக்கு இருநூறு. ஒண்ணுல கூட மஞ்சள் இல்ல.”

“ஒப்பிட்டுப் பார்க்க வச்ச ஸ்லைடு?”

“அதுல மஞ்சள் பளிச்சுனு தெரியுது.”

“அப்புறம் எது சொதப்பிச்சு?”

“கட்டியில வெட்டின துண்டு சரியில்ல போல. பத்துல எட்டுப் பேருக்கு இந்த உடைப்பு இருக்கும்னு புத்தகத்துல போட்டிருக்கே. இருந்த துண்டும் தீர்ந்துபோச்சு. பக்கத்துல இன்னொரு நெறிக்கட்டியை எடுத்து அனுப்பச் சொல்லி சர்ஜனுக்குக் கடிதம் எழுதி வச்சிருக்கேன், அனுப்பிடவா? வியாழக்கிழமை அவருக்கு ஆபரேஷன் நாள்.”

அந்தச் சின்னக் கழுத்தில் இன்னொரு தடவை கத்தி வைப்பதா என்று மெஹருன்னிசாவுக்குக் கோபம் வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

“எந்தப் பத்துப் பேரு, சார்?”

“புரியல மேடம்.”

“சட்டைக் கையை மடிச்சு விடுங்க.”

சவரிமுத்து சிரித்தார். மேடம் ஊசியை எடுப்பதைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். ஒரு குழாய் ரத்தம் எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார் மெஹருன்னிசா.

“அதே உடைப்பை இதுல தேடுங்க. நுண்ணோக்கி வேண்டாம். லட்சம் செல்லுல ஒண்ணு இருந்தாலும் காட்டுற மெஷின்ல போடுங்க.”

“என்கிட்டயா? எனக்கு ஒரு வியாதியும் இல்லயே மேடம்.”

“அதனாலதான். கடிதத்தை நாளைக்கு அனுப்பலாம்.”

மறுநாள் மதியம் சவரிமுத்து கையில் காகிதத்தோடு வந்தார். எத்தனையோ பேருக்கு நோயை எழுதிக் கையெழுத்துப் போட்ட மனிதர். தன் பேர் போட்ட காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க அவருக்குப் பயமாக இருந்தது. காலையிலிருந்து கட்டி ஏதும் இருக்கிறதா என்று கழுத்தையும் அக்குளையும் தடவித் தடவிப் பார்த்ததில் தோல் சிவந்திருந்தது.

“மேடம், இருக்கு.”

“எவ்வளவு?”

“லட்சத்துக்கு நாலு செல். ரெண்டு தடவை போட்டுப் பார்த்துட்டேன்.”

“உட்காருங்க சார்.”

“எனக்கும் கேன்சரா?”

“இல்ல. வயசாக ஆக வந்து சேர்ற உடைப்பு இது. ஆரோக்கியமா இருக்குற உங்க வயசுக்காரங்கள்ல பாதிப் பேருக்கு இப்படி நாலு செல் இருக்கும். பெரும்பாலும் அது பாட்டுக்கு இருந்துட்டுப் போயிடும்.”

சவரிமுத்து உட்கார்ந்தார். போன உயிர் திரும்பி வந்ததுபோல இருந்தது. ஒரு டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடித்தார். குடித்து முடித்த பிறகுதான் குழந்தையின் ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது.

“புத்தகத்துல சொல்ற அந்தப் பத்துப் பேரு…”

“ஐம்பது, அறுபது வயசுக்காரங்க.”

“குழந்தைகளுக்கு?”

“குழந்தைகளுக்குன்னு தனியா ஒரு வகை உண்டு. பார்க்க இதே மாதிரிதான் இருக்கும், அந்த உடைப்பு மட்டும் இருக்காது. கனிஷ்காவோட மத்த டெஸ்ட் எல்லாம் அதுக்கு ஒத்து வருது. கட்டியை முழுசா எடுத்தாச்சுன்னா பெரும்பாலும் மருந்துகூட வேண்டியதில்ல. அப்பப்ப வந்து காட்டினா போதும்.”

வெளியே கூடத்தில் கனிஷ்காவின் அம்மா காலை ஏழு மணியிலிருந்து உட்கார்ந்திருந்தார். இன்னொரு தடவை கத்தி வைக்கச் சொல்லிவிடுவார்களோ என்று வருகிறவர் போகிறவர் முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை அவர் மடியில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

சவரிமுத்து சர்ஜனுக்கு எழுதி வைத்திருந்த கடிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கிழித்தார். அறிக்கையில் ‘சோதனை தோல்வி’ என்று எழுதியிருந்ததை அடித்தார். ‘உடைப்பு இல்லை. இந்த வயதில் இதுவே எதிர்பார்க்கத்தக்கது’ என்று எழுதிக் குருவிடம் நீட்டினார். மெஹருன்னிசா படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

கதவு வரை போன சவரிமுத்து திரும்பி நின்றார்.

“மேடம், அப்ப மூணு தடவை, இருநூறு இருநூறு செல்லா, அந்தப் பிள்ளைகிட்ட நான் எதைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்?”

“உங்க வயசை, சார்.”